மழைக்கு எழுந்து ஓடிய பிணம்

அந்தப் படம் எடுக்க வந்தவர்களுக்கு என்னை யார் காட்டிக்கொடுத்தது என்று இன்றுவரை தெரியவில்லை. பணி ஓய்வு பெற்று மரக்காணத்தில் வந்து உட்கார்ந்து, காலையில் பேப்பர், மாலையில் முழங்காலுக்குத் தைலம் என்று வாழ்க்கை ஒருமாதிரி ஒழுங்குக்கு வந்திருந்த நேரம். கேட்டைத் தட்டி, "மேடம், நீங்கதானே கோர்ட்டுல இருந்தவங்க?" என்றான் ஒருவன். தாடி, தோளில் பை, கண் நிறையத் தூக்கம். உதவியாளன் யாரோ என்று நினைத்து, "உங்க டைரக்டர் வரலையா?" என்று கேட்டேன். "நான்தான் மேடம்" என்றான். இதில் வருகிறவர்களில் பெரும்பாலோர் என் பிள்ளை வயதுக்காரர்கள். அவன், அவள் என்றே எழுதுகிறேன்.

குற்றவியல் நீதிமன்றங்களில் என் காலம் போயிற்று. கடைசிப் பதவி சிரஸ்தார், அதாவது நீதிமன்ற அலுவலகத்தின் தலைமை எழுத்தர். நீதிபதிகள் மாற்றலாகிப் போய்க்கொண்டே இருப்பார்கள், சிரஸ்தார் இருப்பார். எந்த மனு எந்த மேஜைக்குப் போக வேண்டும், எந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் எந்தக் கட்டு திரும்பி வரும் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வீட்டுக்கு வந்த பிறகு இந்த அறிவு எதற்கும் உதவவில்லை. கேஸ் சிலிண்டர் பதிவு செய்யக்கூட வேறு வகை அறிவு வேண்டியிருந்தது. அதனால்தான் அவனை உள்ளே வரச்சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"கதை என்ன?" என்றேன்.

"நாலு பசங்க மேடம். நல்ல வீட்டுப் பசங்க, காலேஜ் படிக்கறாங்க. பைக் எடுத்துக்கிட்டு ஈசிஆர் ரோட்டுல கெளம்பறாங்க. வழியில உப்பளத்துல ஒருத்தன் வேலை செஞ்சிட்டிருக்கான். அவனைக் கொன்னுடறாங்க."

"ஏன்?"

"ஏன்னு ஒண்ணுமே இல்ல மேடம். அதான் படம்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். அதிர்ச்சி அடைவேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். நான் கோர்ட்டில் பார்த்த பிள்ளைகளிடம் 'ஏன்' இருந்தது. வெளியே சொல்ல வெட்கப்படும் அளவுக்குச் சிறியதாக இருந்தது, அவ்வளவுதான். ஒருவன் பைக்கைக் கேட்டான், இன்னொருவன் கொடுக்கவில்லை. ஒருவன் கல்யாண வீட்டில் ஒருமாதிரி பார்த்துவிட்டான். அதற்கு ஓர் உயிர். குற்றச்சாட்டைப் படித்துக் காட்டும்போது அவர்கள் முகத்தைப் பார்ப்பேன். பெரும்பாலும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒருவன் பக்கத்திலிருந்த காவலரிடம், "சாப்பாட்டுக்குள்ள முடிஞ்சிடுமாண்ணே?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. பயங்கரமாக எதுவும் இருக்காது. அலுப்பாகத்தான் இருக்கும். அந்த அலுப்பு ஓய்வூதியத்தோடு சேர்ந்து மாதாமாதம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

"சரி. பிணத்தை என்ன செய்கிறார்கள்?"

"உப்பு அம்பாரத்துக்குள்ள பொதைச்சிடறாங்க."

"உப்பில் வைத்தால் சீக்கிரம் கெடாதே. தடயத்தை ஊறுகாய் போட்டு வைக்கிறார்கள் என்று அர்த்தம்."

"விஷுவலா செமையா இருக்கும் மேடம்" என்றான்.

நீதிமன்றக் காட்சியில் நீதிபதி சுத்தியலால் மேஜையைத் தட்டுவதாக எழுதியிருந்தான். நம் நீதிமன்றங்களில் அப்படி ஒரு சுத்தியலே கிடையாது, நான் ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை என்றேன். "தட்டலைன்னா தீர்ப்பு வந்துச்சுன்னே ஜனங்களுக்குத் தெரியாது மேடம்" என்றான். என் ஆலோசனை இப்படித்தான் பயன்பட்டது. சம்பளமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும், கேட்கும்போதெல்லாம் டீயும்.

சுனாமி அலை வந்து போன மறு வருடம் அது, ஆடி மாதம். உப்பளங்களில் வேலை மும்முரம். வாரி எடுத்த உப்பு பாத்தி வரப்புகளில் அம்பாரம் அம்பாரமாக நின்றது. கொலையாகிறவனாக நடிக்க நிஜ உப்பளத்துக்காரன்தான் வேண்டும் என்று டைரக்டர் பிடிவாதமாக இருந்தான். ஊரில் நடிக்க ஆசைப்படாதவர்கள் இல்லை. ஆனால் பிணம் என்றதும் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை வந்துவிட்டது. கடைசியில் எங்கள் பின்தெருக்காரன் ஒருவன் ஒப்புக்கொண்டான். முப்பது வயது, கல் மாதிரி உடம்பு, எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவன். "படுத்துக்கிட்டே சம்பளம், வேணாம்னா சொல்லுவாங்க?" என்றான்.

அவன் பெண்டாட்டியை எனக்கு முன்பே தெரியும். அலையில் அவளுடைய அண்ணன் போனான். கரையொதுங்கிய உடல்களைப் படம் எடுத்து ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பலகையில் குத்தி வைத்திருந்தார்கள். அவள் அண்ணனைக் கடைசியாகப் பார்த்தது அந்தப் பலகையில்தான். நிவாரணத்துக்கு மனு எழுத என்னிடம் வந்தாள். மனுவோடு அந்தப் படத்தையும் இணைக்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன். விதி அது. அவள் படத்தை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். நான் நிமிர்த்தாமலே கோந்து தடவி ஒட்டினேன்.

படப்பிடிப்பன்று அவள் வரவில்லை. புருஷன் ஏதோ கூட்டத்தில் நிற்கப் போகிறான் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தான். எனக்கு அது அப்போது தெரியாது.

அவன் கழுத்தில் சிவப்புச் சாயம் பூசி, மேல்சட்டை இல்லாமல், வரப்பில் மல்லாந்து படுக்க வைத்தார்கள். கொலைகாரர்களாக நடித்த நான்கு பேரும் சென்னைப் பிள்ளைகள். குடைக்குக் கீழே உட்கார்ந்து, கையில் சாயத்தோடு பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "டேய், நீ குத்தினது சரியில்லடா, ஆளு இன்னும் கொழுக்மொழுக்குன்னு இருக்கான்" என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். பிணமும் சிரித்தது. "ஏம்பா, பொணம் சிரிக்காதப்பா!" என்று டைரக்டர் கத்தினான்.

மேக்கப் போட்ட பெரியவர்தான் அப்போது பிணத்தின் பக்கத்தில் குந்திக்கொண்டு சொன்னார்: "இப்ப சிரிக்காத தம்பி. ஷாட் முடிஞ்சதும் கேமராவப் பாத்து நல்லா சிரிச்சிடணும். அதையும் எடுப்பாங்க. செத்த மாதிரி நடிச்சவன் சிரிக்காம எழுந்து போவக்கூடாது, நடிச்சது பலிச்சிடும். எங்க தொழில்ல அது ஒரு சாங்கியம்."

"சிரிக்கறதுக்கு என்னண்ணே, ஃப்ரீயா சிரிக்கறேன்" என்றான் அவன்.

ஒரே ஷாட். கேமரா அசையாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. டைரக்டருக்குத் திருப்தி வராமல் மூன்று முறை எடுத்தார்கள். மூன்றாவது முடிந்து, "ஓகே, சிரிப்பு எடுத்துடலாம்" என்று யாரோ சொன்ன நேரத்தில், மேற்கே பெருமுக்கல் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்தது மழை. முதல் துளி விழுந்ததும் உப்பளமே எழுந்து ஓடியது. திறந்து கிடக்கும் உப்பில் மழை பெய்தால் வாரியதெல்லாம் கரைந்து போகும். யாருடைய அம்பாரம், யார் கூலி என்று அந்த நேரத்தில் யாரும் பார்ப்பதில்லை. கையில் கிடைத்த கீற்றைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

பிணமும் ஓடியது. கழுத்தில் வெட்டுக் காயத்தோடு, இரண்டு கைகளிலும் தென்னங்கீற்றைத் தூக்கிக்கொண்டு வரப்பில் ஓடிய அந்தக் கோலத்தை நான் இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். தன்னைப் புதைக்க வேண்டிய அம்பாரத்தை அவனே மூடினான். கொலைகாரர்கள் நால்வரும் வேனுக்குள் இருந்து கைதட்டினார்கள். கேமராவுக்கு ரப்பர் ஷீட் போட்டு மூடி, "பேக்கப்!" என்றார்கள். மழை விட்டபோது வண்டிகள் ஈசிஆரில் ஏறிவிட்டன.

இரண்டு நாள் கழித்து அவன் பெண்டாட்டி என் வீட்டு வாசலில் நின்றாள். வயிற்றில் ஏழு மாதம். பின்னாலேயே அவன்.

"அம்மா, உங்களுக்கு கோர்ட்டு விஷயம்லாம் தெரியும். இதுக்கு இன்னா பண்றதுன்னு சொல்லுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"சோறு போட்டுக்கிட்டே கேட்டேன், அங்க போயி இன்னாதான்யா பண்ணேன்னு. செத்துப்போயி படுத்திருந்தேன்னு சொல்லி பல்லக் காட்டுது. முடிஞ்சதும் கேமராவப் பாத்து சிரிக்கணும்னு சொன்னாங்களாமே? நீ சிரிச்சியான்னேன். மழை வந்துடுச்சி, ஓடிட்டேன்னுது."

"அதான் இப்ப நெனச்சி நெனச்சி சிரிக்கறேனே" என்றான் அவன், வாசலில் நின்றபடி.

"இங்க சிரிச்சி இன்னாய்யா பிரயோஜனம்? அங்க சிரிச்சிருக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவள் முகம் அப்படி இருந்தது. "எங்க அண்ணனை கடைசியா போட்டோவுலதாம்மா பாத்தேன். இப்ப இவரும் அதே மாதிரி எங்கியோ ஒரு பெட்டிக்குள்ள, படத்துல, செத்துக் கெடக்கறாரு. புள்ள பொறக்கறதுக்குள்ள அதை எதுனா பண்ணணும்" என்றாள்.

நான் படித்தவர்கள் சொல்வதையெல்லாம் சொன்னேன். அது சினிமா, வெறும் நடிப்பு, மேக்கப்காரர் விளையாட்டுக்குச் சொல்லியிருப்பார். அவள் முழுதும் கேட்டுவிட்டு, "அப்புறம் எதுக்கு அவங்க பெரிய பெரிய நடிகருங்களையெல்லாம் சிரிக்க வெக்கறாங்க?" என்றாள்.

வேறு வழிகளைப் பார்த்தோம். பெருமுக்கல் மலைக்கோயிலுக்குப் போய் விளக்கு வைத்துவிட்டு வரச்சொன்னேன். அவன் போய் வந்தான். "சாமி சரின்னுதான் சொல்லும். சாமிக்கும் கேமராவுக்கும் இன்னா சம்பந்தம்?" என்றாள். கல்யாண வீடியோ எடுக்கிற கடைக்காரரைக் கூப்பிட்டுச் சிரிப்பைப் பதிவு செய்து கொடுக்கிறேன் என்றேன். தலையை ஆட்டினாள். "அது வேற கேமராம்மா."

இங்கேதான் அவள் என்னை மடக்கினாள். ஒரு நீதிமன்றம் போட்ட உத்தரவைப் பக்கத்து ஊர் நீதிமன்றம் ரத்து செய்ய முடியாது. போட்ட இடத்திலேயே மனு கொடுக்க வேண்டும். இதைத்தான் காலமெல்லாம் கவுன்டரில் நின்ற ஜனங்களிடம் சொல்லி விரட்டியிருக்கிறேன். இப்போது என்னையே விரட்டினாள்.

ஆவணி பிறந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவனிடம் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. பாத்தியில் கண்ணாடிச் சில்லு ஏறிக் கால் வீங்கியது. அம்பாரத்துக் கீற்றைத் தூக்கினால் உள்ளே பாம்பு. இரண்டும் எந்த வருடமும் நடக்கிறவைதான், அவனே சொன்னான். சொல்லிவிட்டு, "ஆனாலும் மேடம்..." என்று நிறுத்தினான். லாரியில் மூட்டை ஏற்ற வெளியூர் போகிற வேலையை அவள் தடுத்துவிட்டாள். பிறகு அவனே போகப் பயந்தான். வேலை இல்லாமல் தெருமுனையில் உட்கார்ந்திருந்தான். காய்ச்சல் என்றான். அரசு ஆஸ்பத்திரியில் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். சாகப்போகிறோம் என்று ஒருவன் நம்பிவிட்டால் அதற்கு மாத்திரை எழுதித்தர ஆள் இல்லை.

டைரக்டர் கொடுத்த எண்ணுக்குப் போன் செய்தேன். பல முறை அடித்து ஒரு நாள் எடுத்தான். "மேடம்! நானே கூப்பிடணும்னு இருந்தேன். அந்த உப்பளத்து அண்ணனைக் கூட்டிட்டு ஒரு நாள் வடபழனி வர முடியுமா? ஒரு விஷயம் இருக்கு" என்றான். என்ன விஷயம் என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால், ஐப்பசி முதல் வாரத்தில் மூவரும் பஸ் ஏறினோம். நிறை மாதத்தில் வேண்டாம் என்றேன். "நான் பாக்காம அவங்க எடுத்தோம்னு சொன்னா நம்ப முடியாதும்மா" என்றாள். சாட்சி நேரில் வந்தாக வேண்டும் என்பதும் சரிதான்.

வடபழனியில் ஒரு சந்து, மாடியில் எடிட்டிங் அறை. வெளியிலேயே டைரக்டரைப் பார்த்தேன். தாடி நீண்டிருந்தது. பணம் போடுகிறவர் பாதியில் விலகிவிட்டாராம். அவர்கள் இருவரையும் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் அவனைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தாடியைச் சொறிந்தான்.

"சிரிப்புதானே மேடம்? கேமராவ வாடகைக்கு எடுத்து, ஃபிலிம் ரோல் போட்டு... இப்ப எங்க முடியும்? ஒண்ணு பண்ணலாம். ஃப்ரெண்டுகிட்ட ஒரு பழைய கேமரா இருக்கு. ரோல் இல்லாம சும்மா ஓடவிட்டு, சிரிங்கண்ணான்னு சொல்லிடலாம். அவங்களுக்குத் தெரியவா போவுது?"

"எனக்குத் தெரியுமே" என்றேன்.

"நீங்க சொல்ல மாட்டீங்கல்ல?" என்றான். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. எந்த எண்ணமும் இல்லை. அவன் கதையில் வரும் நான்கு பேரும் இப்படித்தான் பேசியிருப்பார்கள் என்று தோன்றியது. கோபப்படலாம் என்று பார்த்தேன், அதற்கான தெம்பு வரவில்லை.

"மாட்டேன் என்று யார் சொன்னது? மூலம் இல்லாமல் நகல் கொடுத்துப் பழக்கமில்லை எனக்கு. அது கிடக்கட்டும், நீ எதற்கு வரச்சொன்னாய்?"

"உள்ள வாங்க. பாத்தாத்தான் புரியும்."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். ஏசி குளிரில் அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். திரையில் உப்பளம் வந்தது. வெள்ளை வெளேரென்று நம் ஊரா என்று நானே அசந்தேன். நடுவில் அவன், கழுத்தில் சிவப்போடு, கண்ணைத் திறந்தபடி வானத்தைப் பார்த்துக் கிடந்தான். அவள் சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். அவன் திரையையும் பார்க்க முடியாமல் அவளையும் பார்க்க முடியாமல் தன் காலில் இன்னும் அவிழ்க்காத துணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இங்க பாருங்க மேடம்" என்று டைரக்டர் திரையில் அவன் வயிற்றின்மேல் விரலை வைத்தான். "ஏறுது... எறங்குது... ஏறுது. பாத்தீங்களா? மூணு டேக்கும் இப்படித்தான். பொணம் மூச்சு விடுது. ஸ்பாட்டுல எவனும் கவனிக்கல. மொத்தமும் வேஸ்ட். தை மாசம் மறுபடி உப்பு வந்ததும் அண்ணன் வந்து இன்னொரு தடவ படுக்கணும். அதுக்குத்தான் வரச்சொன்னேன்."

அவள் திரும்பினாள்.

"இன்னா சொன்னே?"

"மூச்சு விடறாருக்கா. தெரியுது பாருங்க."

"இன்னொரு தடவ போடு."

போட்டான். அவள் மெதுவாகத் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். டைரக்டரின் விரல் இருந்த இடத்தில் தன் விரலை வைத்தாள். வயிறு ஏறியது, இறங்கியது. ஒரு ஈ வந்து அவன் மார்பில் உட்கார்ந்தது. தோல் லேசாகச் சிலிர்த்து ஈ பறந்தது.

"இன்னொரு தடவ."

"அக்கா, ஷாட் பெருசு..."

"போடுப்பா."

மூன்றாவது முறை முடிந்ததும் அவள் புருஷன் பக்கம் திரும்பி, "யோவ், நீ சாவவே இல்லய்யா!" என்றாள்.

"அதாங்க்கா பிரச்சினை" என்றான் டைரக்டர்.

"உனக்கு பிரச்சினை" என்றாள்.

மரணம் நிரூபிக்கப்படாத இடத்தில் கொலை வழக்கு நிற்காது. யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவனைப் பார்த்தேன். முதலில் புரியாமல் நின்றான். பிறகு திரையைப் பார்த்தான். தன் வயிற்றைத் தானே பார்த்தான். அவனுடைய பழைய சிரிப்பு எங்கிருந்தோ கிளம்பி அந்தச் சின்ன அறை முழுக்க நிறைந்தது. எடிட்டிங் செய்கிறவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப தை மாசம்..." என்று டைரக்டர் ஆரம்பித்தான்.

"வராது. ஒரு தடவ படுத்ததுக்கே நாங்க பட்டது போதும்" என்றாள் அவள்.

"மேடம், நீங்களாவது சொல்லுங்க!"

"ஒரே வழக்கில் ஒருவனை இரண்டு முறை விசாரிக்க முடியாது தம்பி" என்றேன். "வேண்டுமானால் நீயே படு. மூச்சை அடக்கிக்கொள். முடிந்ததும் மறக்காமல் சிரித்துவிடு."

அவன் அதைக் குறித்துக்கொள்கிற மாதிரி தலையாட்டினான். படம் அடுத்த வருடம் எங்கோ சில ஊர்களில் ஓடியதாகச் சொன்னார்கள், மரக்காணத்துக்கு வரவில்லை. பிணமாக யார் கிடந்தார்கள் என்று தெரியாது. நீதிபதி சுத்தியல் தட்டுகிறார் என்பது மட்டும் பார்த்தவர்கள் சொல்லி உறுதியாகத் தெரிந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. அவள் ஜன்னலோரம், நடுவில் அவன், இந்தக் கோடியில் நான். கடல் தெரியத் தொடங்குவதற்குள் அவன் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டான். வாரக்கணக்கில் தூங்காதவன் தூக்கம். அவள் வெளியே பார்க்கவில்லை. அவன் சட்டைப் பொத்தான்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு கை அவன் வயிற்றின்மேலும் மறுகை தன் வயிற்றின்மேலும் இருந்தன.

"தூங்கிட்டானா?" என்றேன்.

"ஏறுது... எறங்குது" என்றாள், அந்த டைரக்டரின் குரலிலேயே.

கண்டக்டர் வந்தார். மூன்று மரக்காணம் என்றேன். டிக்கெட்டை வாங்கிப் பையில் வைத்துவிட்டு நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.